பிள்ளையின் இருதயத்தில் முணுமுணுப்பா?
பெற்றோர் அறிந்திருக்க வேண்டியவை

காய்ச்சலுக்கு மருந்து எடுக்கப் பிள்ளையைக் கொண்டு போகிறீர்கள். வைத்தியர் நெஞ்சில் குழாயை வைத்து வழமையிலும் சற்று அதிக நேரம் கேட்கிறார். பிறகு, "இருதயத்தில் ஒரு முணுமுணுப்புக் கேட்கிறது, எதற்கும் ஒருமுறை காட்டுவோம்" என்று துண்டு எழுதித் தருகிறார். அன்றிரவு வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது. மறுநாள் அயலில் ஒருவர், "ஓட்டையாக இருக்கும்" என்பார். இன்னொருவர், "என் மச்சாளின் மகனுக்கும் இப்படித்தான் சொன்னார்கள், ஒன்றுமில்லை, பேசாமல் விடுங்கள்" என்பார்.

இந்த இரண்டு பேச்சையும் நம்பிப் பிள்ளையின் காரியத்தை முடிவு செய்யக் கூடாது. முணுமுணுப்பு என்பது ஒரு நோயின் பெயர் அன்று; அது ஒரு சத்தம். அந்தச் சத்தம் எதனால் வருகிறது என்பதை ஒருமுறை ஒழுங்காகப் பார்த்து அறிய வேண்டும். அறிந்த பின் கிடைக்கும் விடையை, அது நல்ல செய்தியானாலும் கெட்ட செய்தியானாலும், நம்பி நடக்க வேண்டும். இதை விளங்கிக்கொள்ளத் தேவையானவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சத்தம் எங்கிருந்து வருகிறது?

இருதயம் அவரவர் கைமுட்டி அளவான ஒரு தசைப்பை. அதற்கு நான்கு அறைகள். வலப் பக்கத்து அறைகள் உடலிலிருந்து வரும் இரத்தத்தை நுரையீரலுக்கு அனுப்புகின்றன. இடப் பக்கத்து அறைகள் நுரையீரலில் சுத்தமான இரத்தத்தை உடல் முழுவதற்கும் அனுப்புகின்றன. இரத்தம் திரும்பிப் பாயாதபடி வழியில் நான்கு கதவுகள் உண்டு. வால்வுகள் என்று நாம் சொல்வது இவற்றைத்தான். இக்கதவுகள் மூடும் சத்தமே 'லப்-டப்' என்று கேட்கும் இருதய ஒலி.

இந்த இரண்டு ஒலிகளுக்கும் இடையில் 'உஸ்' என்றோ மெல்லிய இசைபோலவோ கேட்கும் மேலதிகச் சத்தத்தையே முணுமுணுப்பு என்கிறோம். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாயை நினைத்துப் பாருங்கள். தண்ணீர் தாராளமாகப் போகும்போது சத்தம் இல்லை. குழாயின் வாயை விரலால் பாதி அடைத்தால் சீறுகிறது. குழாயில் ஒரு குறையும் இல்லாமலே பைப்பை முழுவதும் திறந்து வேகமாகத் தண்ணீர் விட்டாலும் சத்தம் எழும். இருதயத்திலும் இப்படியே. சில வேளைகளில் வழி ஒடுங்கியிருப்பதால் சத்தம் வரும். சில வேளைகளில், எல்லாம் சரியாக இருக்க, இரத்தம் வேகமாகப் பாய்வதாலேயே சத்தம் வரும்.

இந்த உதாரணத்தில் இன்னொரு பாடமும் உண்டு. சிறு துவாரத்தினூடாகப் பாயும் நீரே அதிகம் சீறும்; பெரிய வாயினூடாக ஓசையின்றிப் போய்விடும். அதுபோல, இருதயத்தின் கீழறைச் சுவரிலுள்ள சிறிய ஓட்டை பெரும் சத்தம் போடலாம். பெரிய ஓட்டை அவ்வளவு சத்தம் போடாமல் இருக்கலாம். ஆகவே சத்தத்தின் அளவைக் கொண்டு ஆபத்தின் அளவை நாமாகக் கணக்கிடக் கூடாது.

குற்றமற்ற முணுமுணுப்பு

நெஞ்சின் ஒலியைக் கேட்கும் கருவியை 1816ஆம் ஆண்டில் பாரிஸ் நகரின் நெக்கர் வைத்தியசாலையில் பணிபுரிந்த ரெனே லெனெக் என்ற வைத்தியர் கண்டுபிடித்தார். ஒரு நோயாளிப் பெண்ணின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்பது தகாது என்று கருதி, ஒரு கடதாசிக் கட்டைச் சுருட்டி அதன் வழியே கேட்டார். வெறுங்காதால் கேட்பதிலும் அது தெளிவாகக் கேட்டது. அதன்பின் வைத்தியர்கள் இருதயத்தின் சத்தங்களை ஒவ்வொன்றாகப் பிரித்தறியத் தொடங்கினர்.

அப்படிக் கேட்டவர்களுள் லண்டனில் பிள்ளை வைத்தியராக இருந்த ஜோர்ஜ் ஸ்ரில் என்பவரும் ஒருவர். சுகதேகியான பல பிள்ளைகளிடத்தில் தந்தியை மீட்டினாற்போன்ற இனிய முணுமுணுப்பு ஒன்று கேட்பதையும், அதனால் பிள்ளைக்கு ஒரு தீங்கும் இல்லை என்பதையும் அவர் 1909இல் எழுதினார். இன்றும் அது அவர் பெயராலேயே வழங்குகிறது. இரண்டு மூன்று வயது முதல் ஏழெட்டு வயது வரையான பிள்ளைகளிடம் இது பெரும்பாலும் கேட்கும். பிள்ளை படுத்திருக்கும்போதும் காய்ச்சல் வேளையிலும் கூடுதலாகவும், எழுந்து நின்றால் குறைவாகவும் கேட்கும். வளர வளர மறைந்துவிடும்.

கழுத்து நாளத்தில் இரத்தம் இறங்கும்போது வண்டு இரைவதுபோல் கேட்பது இன்னொரு வகை. பிள்ளையைப் படுக்கவைத்தால் அது நின்றுவிடும். இவற்றையெல்லாம் 'குற்றமற்ற முணுமுணுப்பு' என்பர். நல்ல சுகத்தோடு இருக்கும் பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு வளரும் காலத்தில் ஏதோ ஒரு வேளையில் இது கேட்கக்கூடும். இதற்கு மருந்து இல்லை; மருந்து தேவையும் இல்லை.

காய்ச்சலும் இரத்தசோகையும் இரத்தத்தின் ஓட்டத்தை விரைவாக்கி முணுமுணுப்பை உண்டாக்கும். காய்ச்சல் மாறியபின், அல்லது இரும்புச்சத்துக் குறைவைத் தீர்த்தபின், வைத்தியர் மறுபடியும் கேட்டுப் பார்க்க விரும்புவது இதனாலேயே. "வருத்தம் மாறிவிட்டதே, இனி ஏன் போவான்?" என்று அந்த இரண்டாம் தவணையைத் தவறவிட வேண்டாம்.

துண்டில் 2/6 என்று எழுதியிருப்பதைக் கண்டு, ஆறில் இரண்டு பங்கு இருதயம் பழுதாகிவிட்டது என்று அழும் பெற்றோர் உண்டு. அதன் பொருள் அதுவல்ல. முணுமுணுப்பின் சத்தத்தை ஆறு படிகளாகப் பிரித்து எழுதுவது வைத்தியர்களின் வழக்கம். 2/6 என்றால் ஆறு படிகளில் இரண்டாவது படிச் சத்தம் என்பதே பொருள். நான்காம் படியும் அதற்கு மேலும் என்றால் நெஞ்சில் கை வைத்தாலே அதிர்வு தெரியும்.

பிறவியிலேயே வரும் குறைகள்

பிறக்கும் ஆயிரம் பிள்ளைகளில் ஏறத்தாழ எட்டு முதல் பத்துப் பேருக்கு இருதயத்தின் அமைப்பில் ஏதோ ஒரு குறை இருக்கிறது. உலகமெங்கும் கணக்கு ஏறக்குறைய இதுவே. இவற்றுள் அதிகம் காண்பது கீழறைகளுக்கு இடையிலுள்ள சுவரில் ஓட்டை. சிறியவற்றுள் பல, சத்திரசிகிச்சை இல்லாமலே சில ஆண்டுகளில் தாமாக மூடிக்கொள்ளும். பெரியவை நுரையீரலுக்கு அளவுக்கு மேல் இரத்தத்தைத் தள்ளும். அதனால் பிள்ளை இளைக்கும். அடிக்கடி நெஞ்சுச்சளி பிடிக்கும். வருடக்கணக்கில் கவனியாது விட்டால் நுரையீரலின் இரத்தக்குழாய்கள் தடித்து, பின்பு ஓட்டையை மூடவும் முடியாத நிலை வந்துவிடும். காலம் தாழ்த்துவது ஆபத்து என்பது இதனாலேதான்.

"பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் பார்த்தபோது ஒன்றும் இல்லை என்றார்களே, இப்போது எப்படி வந்தது?" என்று கேட்பீர்கள். பிறந்த வேளையில் நுரையீரலின் இரத்த அழுத்தம் உயர்ந்தே இருக்கும். இருபுறமும் அழுத்தம் ஒத்திருக்கும்போது ஓட்டையினூடாகப் பாய்ச்சல் குறைவு, சத்தமும் இல்லை. சில நாட்களில் அல்லது வாரங்களில் அந்த அழுத்தம் இறங்கிய பிறகே சத்தம் எழும். ஆகவே பிறந்த அன்று கேளாத முணுமுணுப்பு ஒரு மாதத்தில் கேட்பது புதுமையல்ல. அதற்காக யார்மீதும் குறை சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒரு மாதத் தவணையில் பிள்ளையைக் காட்டாமல் விடக் கூடாது.

கருவில் இருக்கும்போது தேவைப்பட்டு, பிறந்தபின் மூட வேண்டிய ஒரு சிறு குழாய் மூடாமல் இருந்துவிடுவதும் உண்டு. மாதம் நிறையாமல் பிறந்த பிள்ளைகளிடம் இது அதிகம். 1938இல் பொஸ்ரன் நகரில் ரொபேர்ட் குரொஸ் என்ற இளம் வைத்தியர் இதனைச் சத்திரசிகிச்சையால் முதன்முதல் கட்டி மூடினார். இன்று பல வேளைகளில் நெஞ்சைத் திறவாமலே, தொடையிலுள்ள குழாயின் வழியாக மெல்லிய கம்பியைச் செலுத்தி மூடிவிடுகிறார்கள்.

உதடும் நாக்கும் நீலம் பாரிக்கும் பிள்ளைகளை ஒருகாலத்தில் காப்பாற்ற வழியே இருக்கவில்லை. 1944இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில் ஹெலன் தோசிக் என்ற அம்மையாரின் யோசனைப்படி, அல்பிரட் பிளேலொக், விவியன் தோமஸ் ஆகியோரின் முயற்சியால் அவர்களுக்கு முதல் சத்திரசிகிச்சை நடந்தது. தோசிக் அம்மையாருக்குக் காது சரியாகக் கேளாது. பிள்ளைகளின் நெஞ்சில் விரல்களை வைத்து, அதிர்வைக் கொண்டே முணுமுணுப்பை அறிந்தார்.

இக்குறைகள் ஏன் வருகின்றன? பெரும்பாலும் ஒரு காரணத்தைச் சுட்டிச் சொல்ல முடியாது. கிரகணத்தில் தாய் வெளியே போனதாலோ, யாருடைய கண்ணூறாலோ, முன்னோர் செய்த பாவத்தாலோ வருவன அல்ல. மாமியார் மருமகளைக் குற்றஞ்சாட்ட இதில் இடமே இல்லை. அறிந்த காரணங்களுள் ஒன்று, கர்ப்பத்தின் முதல் மாதங்களில் தாய்க்கு வரும் ரூபெல்லா என்னும் ஜேர்மன் சின்னமுத்து. இதனால் பிறக்கும் பிள்ளையின் கண் கெடுவதை 1941இல் அவுஸ்திரேலியாவில் நோர்மன் கிரெக் என்ற கண் வைத்தியர் கண்டு சொன்னார். இருதயமும் பாதிக்கப்படுவது அதனோடு தெரியவந்தது. நம் நாட்டில் 1996இல் ரூபெல்லாத் தடுப்பூசி தொடங்கப்பட்டது. 2020இல் இலங்கை இந்நோயை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஊசி போட்டுக்கொண்ட தாய்மாரால் கிடைத்த பலன் இது. தாய்க்குக் கட்டுப்படாத நீரிழிவு இருந்தாலும், பெற்றோர் நெருங்கிய இரத்த உறவாக இருந்தாலும் குறை வரும் வாய்ப்பு சற்றுக் கூடும். மொங்கோலிய முகம் என்று முன்னர் சொல்லப்பட்ட டவுன் நிலையுடன் பிறக்கும் பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இருதயக் குறை உண்டு. அவர்கள் எல்லோரையும் தவறாமல் பரிசோதிக்க வேண்டும்.

தொண்டை நோவிலிருந்து இருதயத்துக்கு

பிறவிக் குறையைத் தடுப்பது பெரும்பாலும் நம் கையில் இல்லை. ஆனால் முழுக்க முழுக்க நம் கையிலுள்ள ஒன்று வாதக் காய்ச்சல். இது ஐந்து முதல் பதினைந்து வயது வரையான பிள்ளைகளை அதிகம் தாக்கும். நெருக்கமாக வாழும் வீடுகளில் இலகுவில் பரவும்.

ஒருவகைக் கிருமியால் தொண்டை நோவும் காய்ச்சலும் வருகின்றன. அது மாறி இரண்டு மூன்று வாரங்களின் பின் மறுபடியும் காய்ச்சல் வருகிறது. முழங்கால் வீங்கி நோகிறது, அது குறையக் கணுக்கால் நோகிறது, பின் முழங்கை. சில பிள்ளைகளுக்குக் கைகால் தானாகத் துடிக்கும்; எழுத்து கோணும்; கையிலுள்ள பாத்திரம் விழும். குறும்பு என்று எண்ணி வகுப்பில் அடி வாங்கிய பிள்ளைகளும் உண்டு. இவற்றோடு ஒரு புதிய முணுமுணுப்பும் கேட்டால், இருதயத்தின் கதவுகள் வெந்து வீங்கியிருக்கின்றன என்று பொருள். மூட்டு நோ தழும்பின்றி மாறிவிடும். கதவுகளில் விழுந்த தழும்பு மாறாமல் நிலைக்கும்.

தொண்டை நோவுக்கு வைத்தியர் பெனிசிலின் குளிசை தந்தால், இரண்டு நாளில் சுகம் கண்டாலும் பத்து நாளும் கொடுத்து முடியுங்கள். நோ தொடங்கி ஒன்பது நாட்களுக்குள் இம்மருந்தைத் தொடங்கினாலும் வாதக் காய்ச்சல் வராமல் தடுக்கலாம். ஒருமுறை வாதக் காய்ச்சல் வந்த பிள்ளைக்கு மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒரு பெனிசிலின் ஊசி தொடர்ந்து போட வேண்டும். குறைந்தது ஐந்து ஆண்டுகள். இருதயம் தாக்கப்பட்டிருந்தால் பத்து ஆண்டுகள் அல்லது அதற்கு மேலும். ஊசி நோகும்; பிள்ளை அழும்; நன்றாக ஓடியாடித் திரியும் பிள்ளைக்கு ஏன் ஊசி என்று அம்மம்மா தடுப்பார். ஆயினும் நிறுத்தாதீர்கள். ஒவ்வொரு முறையும் நோய் திரும்பும்போது கதவுகள் மேலும் கெடுகின்றன. பெனிசிலின் ஒத்துக்கொள்ளாத பிள்ளையானால் முதலிலேயே வைத்தியரிடம் சொல்லுங்கள். வேறு மருந்து உண்டு.

தாய் தந்தையர் கவனிக்க வேண்டிய அடையாளங்கள்

முணுமுணுப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும், பின்வருவனவற்றில் ஒன்றைக் கண்டால் தாமதியாமல் பிள்ளையைக் காட்டுங்கள்.

1. பால் குடிக்கையில் இடையிடையே விட்டுவிட்டு இளைத்தல். நெற்றியில் வியர்வை துளிர்த்தல். ஒருமுறை குடித்து முடிக்க அரை மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தல்.

2. வளர்ச்சிப் பதிவேட்டிலுள்ள நிறைக்கோடு மேலே ஏறாமல் கிடையாகப் போதல்.

3. நித்திரையிலும் வேகமாக மூச்சு வாங்குதல். பிள்ளை அமைதியாக இருக்கும்போது ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குட்பட்ட பிள்ளைக்கு 60, ஒரு வயதுக்குட்பட்டதற்கு 50, ஐந்து வயதுக்குட்பட்டதற்கு 40 என்ற எண்ணிக்கையை எட்டினால் அது மிகை.

4. நாக்கும் உதட்டின் உட்புறமும் நீலம் பாரித்தல். குளிரில் கைகால் நீலிப்பது பெரும்பாலும் பயப்பட வேண்டியதல்ல. நம் பிள்ளைகளின் கறுத்த தோலில் நீலம் எளிதில் தெரியாது. ஆகவே வெளிச்சத்தில் நாக்கைப் பாருங்கள்.

5. ஓடும்போது மயங்கி விழுதல், நெஞ்சு நோதல், கூட விளையாடும் பிள்ளைகளுக்கு ஈடுகொடுக்க முடியாமல் குந்திவிடுதல்.

6. குடும்பத்தில் இளவயதில் யாராவது திடீரென இறந்திருத்தல். இது அடையாளம் அன்று. ஆனால் வைத்தியர் கேளாவிட்டாலும் நீங்களாகச் சொல்ல வேண்டிய செய்தி.

பிள்ளை நீலித்து மூச்சுத் திணறினால், அல்லது மயங்கி விழுந்தால், 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். 'சுவசெரிய' இலவச அம்புலன்ஸ் வரும்.

எங்கே போவது, எப்படிப் போவது?

அன்புவழிபுரத்திலிருந்தோ அதன் அயற்கிராமங்களிலிருந்தோ முதலில் செல்ல வேண்டிய இடம் தொலைவில் இல்லை. வீட்டுக்கு வரும் மருத்துவ மாதுவிடம் சொல்லலாம், கிளினிக்கில் காட்டலாம், திருகோணமலைப் பொது வைத்தியசாலையில் பிள்ளை வைத்திய நிபுணரிடம் காட்டலாம். பாடசாலையில் நடக்கும் வைத்தியப் பரிசோதனையன்று பிள்ளையை வீட்டில் மறித்துவைக்காதீர்கள். பல குறைகள் முதன்முதல் வெளிப்படுவது அங்கேதான்.

நிபுணர் கேட்டுப் பார்த்தே குற்றமற்றது என்று தீர்மானிக்கலாம். ஐயம் இருந்தால் ஈ.சி.ஜி., எக்ஸ்ரே, எக்கோ ஆகியவற்றுக்கு அனுப்புவார். எக்கோ என்பது கர்ப்பிணிகளுக்குச் செய்யும் ஸ்கேன் போன்றது. ஊசி இல்லை, நோவு இல்லை. பிள்ளையின் நெஞ்சில் பசைபோன்ற ஒன்றைப் பூசி, கருவியை மெல்ல நகர்த்தி, இருதயத்தின் அறைகளையும் கதவுகளையும் திரையில் பார்ப்பார்கள். பிள்ளை அழாமல் இருக்க அதற்குப் பிடித்த ஒரு விளையாட்டுப் பொருளை எடுத்துச் செல்லுங்கள்.

மேலும் சிகிச்சை தேவையென்றால் கொழும்பு பொரளையிலுள்ள லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கு அனுப்பக்கூடும். பிள்ளைகளின் இருதயத்துக்கென்றே அங்கு வைத்தியர்களும் சத்திரசிகிச்சையும் உண்டு. அரசாங்க வைத்தியசாலையில் வைத்தியத்துக்குப் பணம் இல்லை. ஆனால் கொழும்பு 250 கிலோமீற்றருக்கும் அப்பால் இருக்கிறது. கடலுக்குப் போகும் தகப்பனோ கூலி வேலை செய்யும் தகப்பனோ இரண்டு நாள் உழைப்பை விட வேண்டும். பயணச் செலவு, தங்கும் இடம், வீட்டில் மற்றப் பிள்ளைகளைப் பார்க்க ஆள் எல்லாம் வேண்டும். தவணைகள் தவறிப்போவது பெரும்பாலும் அசட்டையால் அல்ல, இந்தச் சங்கடத்தால்தான். வாசகர்களே, உங்கள் அயல்வீட்டில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால், "கும்பிடுகிறோம்" என்று சொல்வதோடு நில்லாமல், ரயில் காசுக்கும் மற்றப் பிள்ளைகளின் சாப்பாட்டுக்கும் வழி செய்யுங்கள். பங்கில் வின்சென்ட் டி போல் சபை இருந்தால் அங்கும் தெரியப்படுத்துங்கள்.

போகும்போது பிள்ளையின் பதிவேடு, பழைய துண்டுகள், எக்கோ அறிக்கை எல்லாவற்றையும் ஒரே உறையில் வைத்துக் கொண்டு போங்கள். சிங்களமோ ஆங்கிலமோ தெரியாவிட்டால் தெரிந்த ஒருவரைத் துணைக்குக் கூட்டிச் செல்லுங்கள். கேட்க வேண்டிய கேள்விகளை வீட்டிலேயே எழுதிக்கொள்ளுங்கள்: இது குற்றமற்றதா, குறையுள்ளதா? குறையென்றால் அதன் பெயர் என்ன? தானாக மாறுமா? அடுத்து எப்போது வர வேண்டும்? பிள்ளை ஓடி விளையாடலாமா? பல் பிடுங்கும்போது மருந்து தேவையா?

பல்லைப் பற்றி ஏன் கேட்கிறோம்? சில இருதயக் குறைகள் உள்ள பிள்ளைகளுக்குப் பல்லிலும் முரசிலும் உள்ள கிருமி இரத்தத்தில் இறங்கி இருதயத்தில் தங்கிவிடும். ஆகையால் காலையும் இரவும் பல் துலக்குவது அவர்களுக்கு வைத்தியத்தின் ஒரு பகுதி.

விடையை நம்புங்கள்

எல்லாப் பரிசோதனையும் முடிந்து, "குற்றமற்றது" என்று வைத்தியர் சொன்ன பிறகும், "எதற்கும் பார்த்து இருக்கட்டும்" என்று பிள்ளையைப் பந்தடிக்க விடாத வீடுகள் உண்டு. மைதான ஓரத்தில் மற்றவர்களின் புத்தகப்பைக்குக் காவலிருந்து வளரும் அந்தப் பிள்ளை, தான் ஒரு நோயாளி என்றே நம்பிவிடும். இல்லாத நோய் ஒன்றை அதற்குக் கொடுத்தவர்கள் நாமே. பெண்பிள்ளையானால் கலியாணப் பேச்சின்போது அயலார் அந்தப் பழைய கதையைக் கிளறுவர். "குற்றமற்றது" என்ற வைத்தியரின் எழுத்தைப் பத்திரமாக வையுங்கள். கதைக்குப் பதில் அது சொல்லும். பிள்ளை ஓடட்டும், நீந்தட்டும், மரம் ஏறட்டும்.

மறுபுறத்தில், "குறை உண்டு, தவணைக்கு வாருங்கள்" என்று வைத்தியர் சொன்ன பிறகு, பிள்ளை கொழுகொழுவென்று இருக்கிறதே என்று விட்டுவிடுவதும் நடக்கிறது. நேர்த்தி வைப்பது உங்கள் விசுவாசம். அதற்காக ஊசியை நிறுத்துவது விசுவாசம் அன்று. மேலறைச் சுவரிலுள்ள ஓட்டை பல ஆண்டுகள் ஓர் அடையாளமும் காட்டாமல் இருந்து, வளர்ந்தபின் துன்பம் தரலாம். இருதயக் குறையுள்ள பிள்ளைகளிலும் பலர், சரியான வேளையில் சிகிச்சை பெற்றதால் இன்று படித்து, தொழில் செய்து, பிள்ளை குட்டியோடு வாழ்கிறார்கள். பெண்களும் அப்படியே. ஆனால் கர்ப்பமாகும் முன் அவர்கள் இருதய வைத்தியரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்வது அவசியம்.

நினைவிற் கொள்க

முணுமுணுப்பு என்பது சத்தம், நோய் அன்று. பெரும்பாலானவை குற்றமற்றவை. ஆனால் எது குற்றமற்றது என்பதை அயலாரோ நாமோ தீர்மானிக்க முடியாது. வைத்தியரே தீர்மானிக்க வேண்டும். தொண்டை நோவுக்குத் தந்த மருந்தை முடித்துக் கொடுங்கள். மாத ஊசியைத் தவறவிடாதீர்கள். பால் குடிக்கையில் வியர்க்கும் பிள்ளையையும், நாக்கு நீலிக்கும் பிள்ளையையும் நாளைக்கு என்று வைக்காதீர்கள்.

உங்கள் மேசை இழுப்பறையில் வைத்தியர் எழுதித் தந்த பழைய துண்டு ஒன்று காட்டாமல் கிடக்குமானால், அதை இன்றே தேடி எடுத்து, அடுத்த கிளினிக் நாளில் பிள்ளையோடு புறப்படுங்கள்.